சம்பளத்திலிருந்து சம்பளம் வரை: வரவு செலவுச் செயலியை வடிவமைத்தல்

மாதச் சம்பளக்காரருக்கான வரவு செலவுச் செயலி முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த சம்பளம் வரும் வரை இன்னும் எவ்வளவு செலவழிக்கலாம்? பல செயலிகள் இந்தக் கேள்வியைத் தொடாமல், சென்ற மாதப் பணம் எங்கே போனது என்பதை வண்ண வட்டப்படமாகக் காட்டுவதில் நின்றுவிடுகின்றன. போன பணத்தின் கணக்கும் தேவையானதுதான். ஆனால் துணிக்கடையில் நின்றுகொண்டு வாங்கலாமா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவருக்கு அது கைகொடுப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஓர் எண். அந்த எண் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். திரையைத் திறந்தவுடன் கண்ணில் பட வேண்டும்.

வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை அந்த எண் ஆகாது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 60,000 ரூபாய் என்றும், முன்மாத இருப்பு எதுவும் இல்லை என்றும் கொள்ளலாம். வாடகை 15,000, வண்டிக் கடன் தவணை 8,500, சீட்டு 5,000, எஸ்ஐபி முதலீடு 5,000. இவை மாதாமாதம் போகிறவை. இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் காப்பீடு 18,000, பள்ளிக் கட்டணம் 45,000, தீபாவளிச் செலவு 24,000, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் 2,400 ஆகியவை உண்டு. இவற்றை மாதக் கணக்கில் பிரித்தால் முறையே 1,500, 3,750, 2,000, 1,200, மொத்தம் 8,450. எல்லாவற்றையும் கழித்தால் மளிகை, பால், பெட்ரோல், வெளிச்சாப்பாடு என்று அன்றாடம் செலவழிக்க மிஞ்சுவது 18,050 ரூபாய்.

முதல் 12 நாளில் அதில் 9,400 செலவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், வங்கிக் கணக்கு 17,100 ரூபாய் இருப்பதாகக் காட்டும். வாடகை, தவணை, சீட்டு, எஸ்ஐபி எல்லாம் போன பிறகும் இவ்வளவு இருக்கிறதே என்று மனம் தெம்பாகிவிடும். உண்மையில் அதில் 8,450 ரூபாய் வரப்போகும் கட்டணங்களுக்கு உரியது. செலவழிக்கக்கூடியது 8,650 மட்டுமே. மீதமுள்ள 18 நாளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 480 ரூபாய். 17,100-க்கும் 8,650-க்கும் உள்ள இந்த இடைவெளியைக் காட்டாத செயலி, மற்ற வசதிகள் எத்தனை வைத்திருந்தாலும், பட்ஜெட் செயலி என்ற பெயருக்குத் தகுதியானதல்ல.

இந்தக் கணக்கு சரியாக வர, மாதம் என்பது எங்கே தொடங்குகிறது என்பதைச் செயலி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சம்பளக்காரரின் மாதம் நாள்காட்டியின் 1ஆம் தேதி தொடங்குவதில்லை. சம்பளம் வரவாகும் நாளில் தொடங்குகிறது. சில நிறுவனங்கள் மாதத்தின் கடைசி வேலை நாளில் தருகின்றன, சில 5 அல்லது 7ஆம் தேதி தருகின்றன. பண்டிகையை முன்னிட்டு ஒரு வாரம் முன்னதாகச் சம்பளம் வந்தால், அடுத்த சம்பளத்துக்கான இடைவெளி ஐந்து வாரமாக நீண்டுவிடும். அந்த மாதத்தில்தான் பலருக்குக் கை கடிக்கிறது. 30-ஆல் வகுக்கும் செயலி இதைத் தவறவிடும். அடுத்த சம்பள நாள் வரை உள்ள நாள்களை எண்ணி வகுக்கும் செயலி தவறவிடாது.

சம்பளத் தொகையும் மாறாத எண் அல்ல. தமிழ்நாட்டில் தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுகிறது. முதலீட்டுச் சான்றுகளை உரிய காலத்தில் கொடுக்காதவர்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை வருமான வரிப் பிடித்தம் கூடும். ஆகவே சென்ற சில மாதங்களில் வந்த சம்பளங்களுள் குறைந்ததை அடிப்படையாக வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. ஊக்கத்தொகை, போனஸ் போன்றவை வந்த பிறகே கணக்கில் சேர வேண்டும். வரும் என்று எதிர்பார்க்கும் போனஸைத் திட்டத்தில் சேர்க்க இடம்கொடுக்கும் செயலி, வராத பணத்தைச் செலவழிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

மேலைநாட்டுச் செயலிகளை அப்படியே பார்த்துச் செய்தால் தமிழ்க் குடும்பங்களின் பணப் பழக்கங்கள் பல விடுபட்டுப்போகும். எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியா வாரன் தியாகியும் 2005இல் வெளியிட்ட நூலால் பரவிய 50-30-20 விதி, வரி போக உள்ள வருமானத்தில் பாதியைத் தேவைகளுக்கும், 30 விழுக்காட்டை விருப்பங்களுக்கும், 20 விழுக்காட்டைச் சேமிப்புக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அமெரிக்கக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் அதில் எந்தக் கட்டத்தில் அடங்கும்? தங்கையின் படிப்புச் செலவு? அந்த விதியைத் தொடக்க வார்ப்புருவாக வைக்கும் செயலிகள் முதல் நாளே பயனரைத் தோற்றவராக்கிவிடுகின்றன. அவருடைய சென்ற மூன்று மாதச் செலவையே தொடக்கமாகக் கொண்டு, அதிலிருந்து சிறிது சிறிதாக மாற்றச் சொல்வது மேல்.

இப்படி விடுபட்டுப்போகும் பழக்கங்களுக்குச் சீட்டு நல்ல சான்று. 20 பேர் சேர்ந்து மாதம் 5,000 வீதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில், ஒரு மாதம் ஒருவர் 20,000 தள்ளி 80,000 ரூபாய்க்குச் சீட்டு எடுக்கிறார். நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மிச்சமுள்ள 15,000 இருபது பேருக்கும் பிரிகிறது. ஆளுக்கு 750 ரூபாய் கழிவு. அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,250தான். அடுத்த மாதம் தள்ளு குறைந்தால் கட்டும் தொகை ஏறும். மாறாத மாதத் தவணை என்ற ஒரே வகையை மட்டும் வைத்திருக்கும் செயலியில் இது பொருந்தாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சீட்டு எடுக்கும் வரை ஒருவர் கட்டுவது சேமிப்பு. எடுத்த பிறகு கட்டுவது கடன் அடைப்பு. கைக்கு வந்த 80,000 ரூபாயை வருமானம் என்று செயலி காட்டினால் அந்த ஆண்டின் கணக்கு முழுவதும் பிசகும்.

நகைச் சீட்டு, கைமாற்று, மொய் ஆகியவையும் இப்படியே தனி நடத்தை கொண்டவை. நண்பரிடம் வாங்கிய கைமாற்று வருமானமும் அல்ல, வங்கிக் கடனும் அல்ல. வட்டி இல்லை, தவணை இல்லை, திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது மட்டும் உண்டு. ஒரு திருமணத்தில் எழுதிய மொய் அன்றைக்குச் செலவு. பல வட்டாரங்களில் அது திரும்பி வரும் கணக்காகவும் நோட்டில் ஏறுகிறது. பெயர், தொகை, நாள், நிகழ்ச்சி ஆகிய நான்கையும் பதிய ஒரு சிறிய பகுதி இருந்தால் போதும். பெரிய நிறுவனங்களின் செயலிகளில் இதற்கு இடமில்லாததால், ஐடி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் வீட்டிலும் மொய் நோட்டு தனியாகவே இருக்கிறது.

அடுத்த பெரிய சிக்கல், செலவு விவரம் செயலிக்குள் எப்படி வந்து சேர்வது என்பது. பெரும்பாலான செயலிகள் கைவிடப்படுவது இந்த இடத்தில்தான். தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2016இல் யுபிஐ முறையைத் தொடங்கியதிலிருந்து பத்து ரூபாய் தேநீருக்கும் பதிவு உண்டாகிறது. தகவல் கிடைப்பதற்கு இது நல்லது. கட்டுப்பாட்டுக்கு அவ்வளவு நல்லதல்ல. டிரேசன் பிரெலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டீனும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பணம் கொடுக்கும்போது மனத்தில் ஏற்படும் வலியைப் பற்றிப் பேசுகிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது உறைப்பது, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது அவ்வளவாக உறைப்பதில்லை. அந்த உணர்வை ஓரளவு மீட்டுத் தருவதும் பட்ஜெட் செயலியின் வேலைகளுள் ஒன்று.

விவரம் சேர்க்க மூன்று வழிகள் உள்ளன. வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துத் தொகையையும் பெற்றவரையும் பிரித்தெடுப்பது முதல் வழி. மின்னணுப் பரிவர்த்தனைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தல் இதற்கு அடித்தளமாக இருந்தது. ஆனால் இந்த வழி நாளுக்கு நாள் குறுகிவருகிறது. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை கூகுள் 2019 முதல் மிகவும் கட்டுப்படுத்தியது; பண மேலாண்மைச் செயலிகளுக்கு விதிவிலக்கு உண்டென்றாலும் அதற்குத் தனி ஒப்புதல் பெற வேண்டும். ஐபோன் இதை அனுமதிப்பதே இல்லை. 2024இல் ஒரு பெரிய தனியார் வங்கி 100 ரூபாய்க்குக் கீழான யுபிஐ செலவுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்தியது. யுபிஐ லைட் வழியாகப் போகும் சிறு தொகைகள் வங்கிப் பாஸ்புக்கில் தனித்தனியாக வருவதும் இல்லை. லைட்டில் பணம் ஏற்றியது மட்டுமே பதிவாகும். இவற்றுக்கு மேலாக, குறுஞ்செய்திப் பெட்டியில் ஓடிபி எண்கள், மருத்துவமனைத் தகவல்கள், தனிப்பட்ட பேச்சுகள் எல்லாம் கிடக்கின்றன. பெட்டி முழுவதையும் திறந்துவிடும் அனுமதியை ஒரு செலவுக் கணக்குக்காகக் கேட்பது மிகையான கோரிக்கை.

இரண்டாவது வழி, அக்கவுன்ட் அக்ரிகேட்டர் அமைப்பு. இதற்கான நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2016இல் வெளியிட்டது. 2021 செப்டம்பரில் வங்கிகள் இதில் இணைந்து செயல்படத் தொடங்கின. வாடிக்கையாளரின் ஒப்புதலோடு வங்கியிலிருந்து தகவல் மறைகுறியாக்கப்பட்டுப் பயணிக்கிறது. நடுவில் இருக்கும் அக்ரிகேட்டரால் அதைப் படிக்க முடியாது. எந்தக் கணக்கு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, என்ன நோக்கம், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது, ஒப்புதல் எப்போது முடிகிறது ஆகிய அனைத்தும் ஒப்புதலில் எழுதப்பட்டிருக்கும். வேண்டாமென்றால் திரும்பப் பெறலாம். குறுஞ்செய்தி அனுமதியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு மேலானது. ஒரு தடை உண்டு. ரிசர்வ் வங்கி, செபி போன்ற நிதி ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வரும் நிறுவனங்கள் மட்டுமே இந்தத் தகவலைப் பெற முடியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் சிறு செயலி, உரிமம் பெற்ற நிறுவனத்தோடு கூட்டுச் சேர வேண்டியிருக்கும். தகவல் குறிப்பிட்ட இடைவெளியில்தான் வருகிறது என்பதால், திரையில் உள்ள எண் எந்த நேர நிலவரம் என்பதையும் கூடவே காட்ட வேண்டும்.

மூன்றாவது, கையால் எழுதுவது. பழைய முறை என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. ஜப்பானியப் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904இல் வெளியிட்ட வீட்டுக் கணக்கு நோட்டின் வழிவந்த ககேய்போ முறை, கையால் எழுதுவதையே பயிற்சியாகக் கொண்டது. எழுதும்போது ஒருவர் தம் செலவை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கிறார். செயலியில் இதற்கு வேண்டியது வேகம். திறந்தவுடன் எண் பலகை வர வேண்டும். தொகையைத் தட்டி, வகையைத் தொட்டால் முடிந்தது. நாள், நேரம், கணக்கு ஆகியவற்றைச் செயலியே நிரப்பிக்கொள்ள வேண்டும். குறிப்பு எழுதும் கட்டாயம் கூடாது. ‘பால் 62’ என்று தமிழில் சொன்னாலும் பதிவாக வேண்டும்.

மூன்றையும் சேர்த்தால் நல்ல அமைப்பு கிடைக்கும். தானாக வந்த விவரங்களைச் செயலி வரிசைப்படுத்தி வைக்கிறது. இரவில் ஒரே முறை பயனர் அவற்றைப் பார்த்துச் சரி என்கிறார் அல்லது திருத்துகிறார். ரொக்கச் செலவு மட்டும் கையால் ஏறுகிறது. அந்த ஒரு நிமிடப் பார்வையில்தான் செலவு மனத்தில் பதிகிறது. எல்லாவற்றையும் தானே செய்துவிடும் செயலி, கணக்குப் பார்க்கும் பழக்கத்தையே பயனரிடமிருந்து எடுத்துவிடும்.

வகை பிரிப்பதில் அடக்கம் தேவை. பெரிய கடைகளின் பரிவர்த்தனையோடு அந்தத் தொழிலைக் குறிக்கும் நான்கிலக்கக் குறியீடு வருவதால் மளிகையா மருந்தா என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். தெருமுனைத் தேநீர்க் கடையில் பெரும்பாலும் உரிமையாளரின் சொந்தக் கணக்குக்கே பணம் போகிறது. செயலிக்குத் தெரிவது ஒரு மனிதர் பெயரும் 30 ரூபாயும் மட்டுமே. அது தேநீராகவும் இருக்கலாம், ஆட்டோக் கட்டணமாகவும் இருக்கலாம், சக ஊழியருக்குக் கொடுத்த பங்குப் பணமாகவும் இருக்கலாம். தெரியாததைத் தெரியாதது என்றே வைத்துக் கேட்கும் செயலியைப் பயனர் நம்புவார். ஒருமுறை சொன்ன பதிலை நினைவில் வைத்து, அடுத்த முறை அதே பெயருக்கு அதே வகையை முன்மொழியலாம். மொத்த வகைகள் எட்டு, பத்துக்கு மேல் போகத் தேவையில்லை. ஷாம்பூ மளிகையா சொந்தச் செலவா என்று யோசிக்கவைக்கும் நாற்பது வகைப் பட்டியல் யாருடைய செலவையும் குறைத்ததில்லை.

ஒரே செலவு இரண்டு முறை ஏறுவது இந்தச் செயலிகளின் பொதுவான நோய். கிரெடிட் கார்டில் 3,000 ரூபாய்க்கு வாங்கியது ஒரு செலவு. மாதக் கடைசியில் கார்டு பில்லுக்குக் கட்டிய 3,000 கடன் தீர்த்தது மட்டுமே. இரண்டையும் கூட்டினால் 6,000 ஆகிவிடும். சம்பளக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றிய பணம், யுபிஐ லைட்டில் ஏற்றிய பணம் ஆகியவையும் இப்படியே. திருப்பி அனுப்பிய சட்டைக்கு வந்த பணம் வருமானத்தில் சேரக் கூடாது. துணி வகையிலிருந்து கழிய வேண்டும். உள்ளே தொகைகளைப் பைசாவில் முழு எண்ணாகச் சேமிப்பதும் அவசியம். கணினியின் இரும எண் முறையில் 0.1 என்ற தசமத்தைத் துல்லியமாக எழுத முடியாது; ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது கணக்கு பைசா அளவில் பிசகக்கூடும். பைசா பிசகிய செயலியை, ரூபாய்க் கணக்கிலும் யாரும் நம்பமாட்டார்கள்.

திரை எளிமையாக இருக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. எந்த வகையில் எளிமை என்பதில்தான் வேலை இருக்கிறது. முதல் திரையில் மீதத் தொகை, அடுத்த சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள், இந்த வாரம் வரவிருக்கும் கட்டணங்கள் ஆகிய மூன்றும் போதும். தொகை 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளியிட்டு வர வேண்டும். 100,000 என்று வந்தால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். தமிழ் எழுத்துகளுக்கு மேலே வளைவும் கீழே சுழியும் உள்ளதால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் அவை வெட்டுப்படும். பொத்தானில் தமிழ்ச் சொல் நீளும். அதற்கேற்ப இடம் விட வேண்டும். வரம்பு தாண்டியதைச் சிவப்பால் மட்டும் காட்டினால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் புரியாது. குறியீடோ சொல்லோ கூடவே வேண்டும்.

வரம்பு தாண்டும் நேரத்தில் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பதில் அதன் குணம் தெரியும். வெளிச்சாப்பாட்டுக்கு ஒதுக்கிய 3,000 ரூபாய் 20ஆம் தேதியே தீர்ந்துவிட்டால், ‘வரம்பை மீறிவிட்டீர்கள்’ என்று மட்டும் சொல்லும் செயலியைப் பயனர் நான்கு நாள் திறக்கமாட்டார், பிறகு நீக்கிவிடுவார். ஜெஸ்ஸி மெக்கம் 2004இல் தொடங்கிய ஒய்நாப் (YNAB) என்ற பட்ஜெட் மென்பொருள் இதற்கு நல்ல வழி காட்டியது: ஒரு வகையில் பணம் தீர்ந்தால் மற்றொரு வகையிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்ததிலிருந்து பிரியாணிக்கு எடுக்கும்போது கை தயங்கும். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் விளக்கிய மனக்கணக்கு என்ற கருத்து இங்கே வேலை செய்கிறது. மனிதர்கள் பணத்தைத் தனித்தனி டப்பாக்களில் போட்டு வைத்ததுபோலத்தான் மனத்தில் பிரித்து வைக்கிறார்கள். செயலி திட்ட வேண்டியதில்லை. பிரிவைக் கண்ணுக்குத் தெரியவைத்தால் போதும்.

அறிவிப்புகள் செலவுக்கு முன்னால் வர வேண்டும். தானாகக் கழியும் கார்டுச் சந்தாக்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன் வங்கி தகவல் தர வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது. மறந்துபோன சந்தாவை நிறுத்த அதுவே சரியான நேரம். செயலி அந்த நேரத்தில் ஒரு வரி சொன்னால் பணம் மிஞ்சும். நாளுக்கு ஐந்து அறிவிப்பு அனுப்பினால் அந்த ஒரு வரியும் படிக்கப்படாமல் போகும்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரே கணக்கை இருவரும் பார்க்க வேண்டியிருக்கும். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் பொதுவில் தெரியலாம். ஒருவர் தன் தாய்க்கு அனுப்பும் பணமோ தோழிக்கு வாங்கும் பரிசோ மற்றவர் திரையில் வரிவரியாக வர வேண்டியதில்லை. தனிச்செலவு என்று ஒரு மொத்தத் தொகை போதும். இதை முதலிலிருந்தே அமைப்பில் சேர்க்க வேண்டும். பின்னர் ஒட்டவைத்தால், ஏற்கெனவே பார்த்துவிட்ட விவரங்களை மறைக்க முடியாது.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உள்ளது. ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. யுபிஐ பின் எண்ணையோ இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ எந்த நிலையிலும் கேட்காமல் இருப்பதும், விரல்ரேகைப் பூட்டும், எல்லா விவரங்களையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொண்டு வெளியேறும் வசதியும் அடிப்படைத் தேவைகள்.

வெளியேறும் வசதி ஏன் வேண்டும் என்பதற்கு வரலாறு சான்று. அமெரிக்காவில் ஏரன் பேட்சர் உருவாக்கி 2007இல் வெளியான மின்ட், மிகவும் புகழ்பெற்ற இலவசப் பட்ஜெட் செயலி. கடன் அட்டை போன்ற நிதிப் பொருள்களைப் பரிந்துரைத்து வருவாய் ஈட்டியது. 2009இல் இன்ட்யூட் நிறுவனம் அதைச் சுமார் 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 மார்ச்சில் மூடியது. இந்தியாவில் குறுஞ்செய்தி படித்துச் செலவு காட்டிய வால்நட் செயலியை 2018இல் கேப்பிட்டல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது. பயனர் எதுவும் கட்டாத செயலிக்குப் பணம் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். கடன் விற்பனையிலிருந்து வரும்போது, பயனரின் பற்றாக்குறையே செயலியின் வாய்ப்பாகிவிடுகிறது. ஆண்டுச் சந்தாவாக ஒரு சிறு தொகை வாங்குவதே நேர்மையான வழி.

சோதனையை மாதிரிக் கணக்கை வைத்து நடத்துவதில் பயன் குறைவு. தன் சம்பளம், தன் கடன் என்று வரும்போதுதான் மனிதர் உண்மையாகத் திரையைப் பார்க்கிறார். பொத்தான்களில் உள்ள குழப்பத்தைக் கண்டுபிடிக்க ஐந்தாறு பேர் ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பார்த்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும். மீதத் தொகை நம்பத்தக்கதா என்பதை அறிய, குறைந்தது இரண்டு சம்பள நாள்களைக் கடந்து சோதிக்க வேண்டும். சம்பளத்துக்கு முந்தைய நாள் செயலி காட்டிய மீதத்தையும், வங்கி இருப்பிலிருந்து ஒதுக்கீடுகளைக் கழித்தால் வரும் தொகையையும் ஒப்பிட்டு, வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று வரிவரியாகத் தேட வேண்டும். விட்டுப்போன ரொக்கச் செலவா, இரண்டு முறை ஏறிய கார்டு பில்லா, கழிவு குறைந்த சீட்டா என்பது அப்போது தெரியும். பள்ளி திறக்கும் ஜூனும் தீபாவளி மாதமும் அந்தச் சோதனைக்குள் வந்தால்தான், ஒதுக்கி வைக்கச் சொன்ன தொகை உண்மையில் போதுமானதாக இருந்ததா என்று பார்க்க முடியும்.